வாரிய சேறும் உயரும் கரையும்

ஏரியைக் கண்டு வளர்ந்த தமிழனுக்குத் தூர் என்பது புதிய சொல்லன்று. மழைநீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் ஏரியின் அடியிற் படியும், கொள்ளளவு குறையும், கோடையில் ஊரார் கூடித் தூர் வாருவர். வாரிய மண்ணில் ஒரு பகுதி வயலுக்கு உரமாகச் செல்லும்; மற்றொரு பகுதி கரையின்மேல் ஏறும். ஏரி ஆழமாகும் அதே கோடையில் கரையும் உயரும். குடிமராமத்து என்று பெயரிட்டு நம் முன்னோர் நடத்திய இவ்வேலையில், வாரிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்வி எழுந்ததே இல்லை எனலாம்.

துறைமுகத்திலோ அதுவே முதற் கேள்வி. கப்பல் வரும் வழியில் ஆறும் அலையும் கொண்டுவந்து சேர்க்கும் சேற்றை வாராவிட்டால் துறைமுகம் மூடிப்போகும். வாரிவிட்டாலோ, இலட்சக்கணக்கான கன மீட்டர் சேறு, உப்பு நீரில் ஊறிக் கூழாகிக் கிடப்பது, கையில் நிற்கும். வயலுக்கு ஆகாது, வண்டியில் ஏறாது, குவித்தால் நிற்காது. இதற்கு இடம் தேடி உலகத் துறைமுகங்கள் பட்ட பாடும், இடம் நிறைந்தபின் கரையை உயர்த்தி உயர்த்திச் சமாளித்த கதையும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

மின்னி பேயிலும் ஜங்கிலிகாட்டிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதனை எண்ணிப் பார்க்கும் சந்தர்ப்பம் குறைவு. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நமது போர்ட் பிளேர், குன்றுகளுக்கிடையே கடல் புகுந்து அமைந்த இயற்கைத் துறைமுகம். வற்றம் வரும் வேளையில் கரையோரம் தெரியும் சேறும் அதில் வேரூன்றிய கண்டல் மரங்களும் நமக்கு அன்றாடக் காட்சி, அவ்வளவே. ஆயினும் தெற்கே கிரேட் நிக்கோபார்த் தீவின் கலாத்தியா விரிகுடாவில் பெரியதொரு சரக்குப் பெட்டகத் துறைமுகம் அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. கடலடியை அகழ்தலும் கடலைத் தூர்த்து நிலமாக்குதலும் அத்திட்டத்தில் அடங்கியவை. கேம்ப்பெல் பேயில் 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழரும் உளர். ஆகவே சேறு எங்கே போகும் என்பது இனி நமக்கும் வீட்டுக் கேள்வியே.

வாரிய சேற்றுக்குப் பொதுவாக மூன்று கதிகள் உண்டு. படகில் ஏற்றி ஆழ்கடலில் கொட்டிவிடுதல் முதலாவது. எளிது, செலவும் குறைவு. ஆனால் பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகளில் இது கொடிது. கலங்கிய நீர் வெயிலை மறைக்கும். படியும் சேறு பவள உயிர்களை மூச்சடைக்கச் செய்யும். இரண்டாவது, அந்தச் சேற்றாலேயே நிலம் ஆக்குதல். இதற்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. நம் அண்டை வீட்டு மலையாள அன்பரைக் கேட்டாலே கொச்சியின் வெல்லிங்டன் தீவைப் பற்றிச் சொல்லுவார். சென்னை மாகாண ஆளுநராயிருந்த வெல்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920ஆம் ஆண்டு ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணற்றிட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் அவ்வழியே உள்ளே நுழைந்தது. உள்துறைமுகத்தில் வாரிய மண் காயலின் நடுவே ஏறக்குறைய 780 ஏக்கர் நிலமாக எழுந்தது. பாலமும் இரயிலும் துறைமுக அலுவலகங்களும் பின்னர் அதன்மேல் வந்தன. வாரும் வேலை அத்தோடு முடிந்ததா? இல்லை. இன்றளவும் ஆண்டுதோறும் கொச்சியின் கால்வாய்களில் சேறு வந்து படிந்துகொண்டே இருக்கிறது. தீவு ஒருமுறைதான் கட்டலாம். தூர் ஆண்டுதோறும் வரும். மண்ணுக்கு இடம் தேடும் தொல்லை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பதாகும்.

மூன்றாவது வழிதான் இக்கட்டுரையின் பொருள். ஆழமற்ற இடத்தைச் சுற்றி மண்ணாலும் கல்லாலும் கரை எழுப்பி, அதற்குள் சேற்றைக் குழாய்வழியே பாய்ச்சுவர். நம் ஏரியைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: நீரை வைத்துக்கொண்டு மண்ணை வெளியேற்றுவது ஏரி; மண்ணை வைத்துக்கொண்டு நீரை வெளியேற்றுவது இது.

இவ்வகையில் உலகறிந்த இடம் ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், எலிசபெத் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் உள்ளது. கிரேனி தீவு என்பது அதன் பெயர். 1813 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் படை இங்கே முறியடிக்கப்பட்டதாகச் சரித்திரம் கூறும். எனினும் அதன் இக்காலப் புகழ் சேற்றாலேயே வந்தது. நார்ஃபோக் துறைமுகத்திலும் சுற்றுப்புறக் கால்வாய்களிலும் வாரும் மண்ணுக்காக 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1956-58 ஆண்டுகளில் தீவை ஒட்டிக் கடலில் கரை எழுப்பி, ஏறக்குறைய 2,500 ஏக்கர் பரப்பை வளைத்தனர். சுமார் 10 கோடி கன கெஜம் சேறு கொள்ளும், இருபது ஆண்டுகளுக்கு வரும் என்பது கணக்கு. அறுபது ஆண்டுகள் கடந்தும் அவ்விடம் பயன்பாட்டில் இருக்கிறது. கொண்ட சேறோ முதற் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எவ்வாறு இது கூடிற்று?

கரையை உயர்த்தினார்கள் என்பது விடை. ஆனால் அது பாதி விடை. மற்றப் பாதியைச் சற்று விரித்துக் கூறவேண்டும்.

குழாயில் வருவது சேறு மட்டுமன்று. ஒரு பங்கு சேற்றைத் தள்ள நான்கைந்து பங்கு நீர் வேண்டும். அந்தக் கலங்கல் ஒரு மூலையிற் கொட்டப்படும். அது மெல்லப் பரவி எதிர் மூலையை அடைவதற்குள் மணல் முதலில் படியும், வண்டல் அடுத்துப் படியும், களி கடைசியிற் படியும். எதிர்மூலையில் பலகைகளை அடுக்கி அமைத்த ஒரு கலிங்கு இருக்கும். பலகையை ஏற்றி இறக்கி, தெளிந்த மேல்நீரை மட்டும் கடலுக்கு விடுவர். நம் ஊர்க் கலிங்கைக் கண்டவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. கலங்கிய நீர் வழிந்தால் காவற்காரன் ஒரு பலகை கூட்டுவான். தெளிந்தால் ஒன்றைக் குறைப்பான்.

இப்படித் தேங்கிய களி, தயிர்போல நிற்கும். கடலடியில் இருந்தபோது பிடித்த இடத்தைவிடக் கூடுதலான இடத்தை இங்கே அது பிடிக்கும், ஏனெனில் அதன் உடலெல்லாம் நீர். அதன்மேலேயே மீண்டும் மீண்டும் பாய்ச்சிக்கொண்டிருந்தால் குளம் விரைவில் நிறைந்துவிடும். நிறைந்தது மண்ணால் அல்ல, நீரால் என்பது தெரியாமலே. கிரேனி தீவில் முதல் இருபது ஆண்டுகளில் நேர்ந்தது ஏறத்தாழ இதுவே.

பின்பு பொறியாளர்கள் ஒரு மாற்றம் செய்தனர். 1980களின் முற்பகுதியில் குறுக்குக் கரைகள் இரண்டை இட்டு அப்பெரும் பரப்பை மூன்று பாத்திகளாகப் பிரித்தனர். ஓர் ஆண்டு ஒரு பாத்தியிற் பாய்ச்சுவது. மற்ற இரண்டையும் உலர விடுவது. வெயிலில் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் வறண்ட ஏரியின் நடுவில் நடந்து பார்த்தவருக்கு அந்த வெடிப்பு தெரியும். அவ்வெடிப்புகளை இணைத்துச் சிறு வாய்க்கால்கள் கீறினர், மழைநீர் தேங்காமல் ஓடிவிட. வாய்க்கால் ஆழப்பட ஆழப்பட உலர்ந்த தோலும் தடிக்கும். உலர்ந்த சேறு வெகுவாகச் சுருங்கும். அந்த அளவுக்குப் புதிய சேற்றுக்கு இடம் கிடைக்கும். மேலும் ஒரு நன்மை: உலர்ந்த பாளத்தை வெட்டியெடுத்துக் கரையின்மேல் இட்டு உயர்த்தலாம். வெளியிலிருந்து மண் வாங்க வேண்டியதில்லை. குளம் தன் கரையைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

ஆகக் கிரேனி தீவை வாழவைத்தது உயரமன்று, உலர்ச்சி. உலர்ச்சி என்பதோ வெயிலும் பொறுமையும் சேர்ந்தது.

கரையை உயர்த்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கரையின் நேர்மேலே மண்ணை ஏற்றினால் அடியிலுள்ள மென்களி பாரம் தாங்காது பக்கவாட்டில் பிதுங்கும், கரை சரியும். ஆதலால் ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் புதிய கரையைச் சற்று உள்வாங்கி, உலர்ந்த சேற்றின்மேல் அமைப்பர். கோயில் விமானத்தில் தளத்துக்குத் தளம் உள்ளொடுங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். கிரேனி தீவின் அடியில் தடித்த கடற்களி கிடப்பதால் கரைகள் தம் பாரத்தாலேயே அமிழ்ந்து வந்தன. 1990களில் களிக்குள் செங்குத்தாகப் பட்டையான வடிகால் நாடாக்களைச் செலுத்தி, அடிமண்ணின் நீரை வெளியே இழுத்து, அதனை இறுகச் செய்தனர். அதன் பின்னரே மேலும் உயர்த்த இயன்றது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டில் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம். 1,000 ஹெக்டேர் சதுரக் குளம் ஒன்று, பக்கம் சுமார் 3,160 மீட்டர். கரையை 30 மீட்டர் உள்வாங்கி உயர்த்தினால் இழக்கும் பரப்பு சுமார் 38 ஹெக்டேர். நூற்றுக்கு நான்குகூட இல்லை. மீதிப் பரப்பில் ஒரு மீட்டர் உயர்ந்தாலே 96 இலட்சம் கன மீட்டர் இடம் கிடைக்கும். அதே வேலையை 10 ஹெக்டேர்க் குளத்தில் செய்வோம். பக்கம் 316 மீட்டர். 30 மீட்டர் உள்வாங்கினால் 256 மீட்டர். பரப்பு 6.5 ஹெக்டேராகக் குறுகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று! இன்னும் இரண்டு முறை உயர்த்தினால் இரண்டு ஹெக்டேருக்குமேல் மிஞ்சாது. கரை உயர்த்தும் வித்தை பெருங்குளத்துக்கு உகந்தது. சிறு குளத்துக்கு உதவாது. தீவுகளில் நமக்குக் கிடைக்கக்கூடிய சமநிலமோ சிறு சிறு துண்டுகளே.

உலராத சேற்றின்மேல் அவசரப்பட்டு உயர்த்தினால் என்ன ஆகும் என்பதை அறியப் பிரேசில் நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே புருமாதிஞ்ஞோ என்னும் ஊரருகே இரும்புச் சுரங்கத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கிய அணை ஒன்று. துறைமுகச் சேறும் சுரங்கச் சேறும் ஒன்றல்ல. ஆயினும் உள்வாங்கி உள்வாங்கித் தன் சேற்றின்மேலேயே கட்டப்பட்ட கரை என்ற வகையில் இரண்டும் உறவு. பல ஆண்டுகளாகப் படிப்படியாக உயர்ந்து 86 மீட்டர் எட்டிய அந்த அணை, 2019 ஜனவரி 25 நண்பகலில் சில விநாடிகளில் கூழாகிப் பாய்ந்தது. மாண்டோர் 270 பேர். அவர்களுட் பலர் மதிய உணவுக்கு அமர்ந்திருந்த தொழிலாளர். புதுச் சேறு கொட்டுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியும் உள்ளே நீர் வடியாமல் நின்றதே அழிவுக்குக் காரணமாயிற்று. நம் நாட்டிலும், மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலியில் அனல்மின் நிலையச் சாம்பற் குளம் ஒன்றின் கரை 2020 ஏப்ரல் 10 அன்று உடைந்து ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. தமிழ்நாட்டிலும் அனல்மின் நிலையங்களை அடுத்துச் சாம்பற் குளங்கள் உண்டு. எண்ணூர்ப் பக்கத்து மக்களுக்கு அவற்றின் கசிவு அனுபவத்தில் தெரிந்த துன்பம்.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். உலர்ச்சிதான் உயிர் என்றோம். போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கும். அது ஓயுமுன் வடகிழக்கு வந்துவிடும். துணி உலர்த்தும் நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் இங்கே உறுதியான வெயில் எத்தனை மாதம் என்று ஒரே சொல்லில் கூறுவர்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நான்கு. அந்த நான்கு மாதத்தில் வெடித்த பாளம் அடுத்த எட்டு மாதத்தில் மீண்டும் ஊறிவிடும். வாய்க்கால் கீறுவதும் கலிங்குப் பலகையைக் கவனிப்பதும் இங்கே இரட்டிப்பு வேலையாகும்.

அடுத்தது நிலநடுக்கம். நாட்டின் நிலநடுக்க வரைபடத்தில் இத்தீவுகள் முழுவதும் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலமாகக் குறிக்கப்பட்டு வந்தவை. நீர் ஊறிய மணலும் வண்டலும் அதிர்ச்சியில் கணப்பொழுதில் கூழாகும் தன்மையுடையன. ஏரிக்கரை உடைந்தால் நீர் வந்து போகும். சேற்றுக்கரை உடைந்தால் சேறு வந்து தங்கும்.

மூன்றாவது ஒன்று உண்டு. உலகில் வேறெங்கும் கரை கட்டுவோர் அதிகம் எண்ணாதது. 2004 டிசம்பர் 26 அன்று இங்கு நேர்ந்ததை மறந்தவர் நம்மில் யாருமில்லை. அலையைப் பற்றியே அனைவரும் பேசுகிறோம். அலை வந்து திரும்பிற்று. நிலமோ இறங்கியது இறங்கியதுதான். அன்று தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் சில பகுதிகள் உயர்ந்தன. தெற்குக் கோடியில் இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் அமிழ்ந்து, அதன் கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் சென்றது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த தாழ்நிலங்களில் அன்று ஏறிய கடல்நீர் நாள்தோறும் இருமுறை வந்து போகலாயிற்று. வயல் வரப்புகள் இருந்த இடத்தில் படகு போகும் ஆழம். நூறு ஆண்டுக்கெனக் கணக்கிட்டுக் கட்டிய கரையின் உயரம் ஒரு காலைப்பொழுதில் ஒரு மீட்டர் குறையுமானால், அக்கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது? கலாத்தியா விரிகுடா இந்திரா முனைக்கு அண்மையில் உள்ளது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இன்னொன்று வீட்டோடு நெருங்கியது: கொசு. 1912ஆம் ஆண்டு வெளியான தம் அறிக்கையில் கிறிஸ்டோஃபர்ஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர், அந்தமானின் மலேரியா காட்டினால் வருவதன்று, உப்புநீர்ச் சதுப்பில் முட்டையிடும் ஒருவகைக் கொசுவினால் வருவது என்று காட்டினார். சதுப்பை அடுத்த குடியிருப்புகளில் நோய் மிகுதி. விலகிய இடங்களில் குறைவு. வாரிய சேற்றைக் கரைகட்டித் தேக்கிய இடம், மழையும் உப்பும் கலந்து முழங்கால் ஆழம் நிற்குமானால், அக்கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் வேண்டா. குடியிருப்புக்கு அருகே சேற்றுக்குளம் வருமென்றால் கரையின் உயரத்தைக் கேட்பதோடு, தேங்கும் நீரை யார், எத்தனை நாளுக்கொருமுறை வடிப்பார் என்பதையும் கேட்பது நம் பெண்மணிகளின் உரிமை.

அப்படியானால் சேற்றால் நமக்குத் தீமையே அன்றி நன்மை இல்லையா? உண்டு என்பதற்கு மேரிலாந்து மாநிலத்துப் பாப்லர் தீவு சான்று. செசபீக் விரிகுடாவில் 1847இல் 1,140 ஏக்கராக இருந்த அத்தீவை அலைகள் அரித்து அரித்து, 1990களில் நாலைந்து ஏக்கர் திட்டுகளாக்கிவிட்டன. பால்டிமோர்த் துறைமுகத்துக்குச் செல்லும் கால்வாய்களில் வாரிய சேற்றைக் கொண்டு அதனை மீட்க முடிவாயிற்று. 1998இல் பழைய தீவின் எல்லையை ஒட்டி மணலும் கல்லும் கொண்டு கரை கட்டத் தொடங்கினர். 2001 முதல் சேறு வந்தது. ஒரு பாதி மேட்டுநிலம். மறுபாதி அலை வந்து போகும் சதுப்புநிலம், அதில் புல் நட்டனர். பின்னர் இடம் போதாமையால் மேட்டுநிலப் பாத்திகளின் கரையை மேலும் 5 அடி உயர்த்தவும், பக்கவாட்டில் 575 ஏக்கர் சேர்க்கவும் திட்டமிட்டனர். ஆமைகள் அங்கே வந்து முட்டையிடுகின்றன. கரையை உயர்த்துதலும் விரித்தலும் அங்கே ஒன்றாகச் செய்யப்பட்டன என்பது கவனிக்கத் தக்கது, உயர்த்துவதொன்றையே நம்பியிருக்கவில்லை.

சிப்பிகாட்டு வயல்களுக்கும் இப்படிச் சேறு நிரப்பி உயிர் கொடுக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதே. ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, உப்பு, இதற்கு நம் மழையே மருந்து. உலர்த்தலுக்குப் பகையான அதே மழை சில பருவங்களில் மேல்மண்ணின் உப்பைக் கழுவிவிடும், வடிகால் சரியாக இருந்தால். மற்றொன்று அதைவிடச் சிக்கலானது. கண்டற்காட்டுச் சேற்றில் கந்தகம் கலந்த இரும்புப் பொருள் உறங்குகிறது. நீருக்கடியில் உள்ளவரை தீங்கில்லை. வெளியே எடுத்துக் காற்றுப்பட உலர்த்தினால் அமிலமாக மாறும். பயிர் கருகும், வடியும் நீரில் மீன் சாகும். ஆதலின் எந்தச் சேறு, எங்கே வாரியது என்று பரிசோதித்துப் பிரித்தாலன்றி, உலர்த்துவதே கேடாக முடியும். சுண்ணாம்பு இட்டு ஆற்றலாம். அதற்கான செலவு தனி.

சிப்பிகாட்டின் உப்பு நீரிலோ இதற்கிடையில் கண்டற் கன்றுகள் தாமாகவே வந்து வேரூன்றியுள்ளன. அவற்றின் வேர்கள் ஒவ்வொரு ஏற்றத்திலும் வரும் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. இவ்வாறு உயரும் மண் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே. 5 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், 2004இல் ஒரே நாளில் இழந்த ஒரு மீட்டரைத் திரும்பப் பெற இருநூறு ஆண்டுகள் ஆகும்.